ஆர்பிஜி கேம் எடுக்குறதுக்கு முன்னாடி: எத்தனை மணி நேரம் ஓடும், ரெண்டாவது தடவை ஆடலாமா?

புதுசா ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி, அதை வளர்த்து கதையை நடத்துற கேம்) பக்கம் வர்றவங்க முதல்ல கேக்குறது "இது எத்தனை மணி நேரம் ஓடும்?", அடுத்து கேக்குறது "முடிச்சுட்டு திரும்ப ஆடலாமா?". இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டுதான் நிறைய பேர் ஆசையா 100 மணி நேர கேமை வாங்கிட்டு பத்து பன்னெண்டு மணி நேரத்துலயே விட்டுடறாங்க, அப்புறம் "ஆர்பிஜி எல்லாம் நமக்கு செட் ஆகாது"ன்னு ஒதுங்கிடறாங்க, அதை பாக்கும்போது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். மொத்த மணி நேரத்தை மட்டும் பாத்து கேம் எடுக்காதீங்க. ரெண்டாவது தடவை ஆடும்போது அதுல எத்தனை மணி நேரம் புதுசா இருக்கும்னு கண்டுபிடிங்க. அதை எப்படி கண்டுபிடிக்கறது, முதல் தடவை எப்படி ஆடினா ரெண்டாவது தடவை ருசி கெடாம இருக்கும்னுதான் கீழ எழுதியிருக்கேன்.

முதல்ல உங்க வாரத்தை கணக்கு போடுங்க

கேமை தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆட முடியும்னு எழுதுங்க. வேலைக்கு போறவங்களுக்கு வாரநாள்ல அரை மணி ஒரு மணி கிடைச்சாலே பெருசு, சனி ஞாயிறையும் சேர்த்தா 6 மணி நேரம்னு வச்சுக்கலாம். அப்போ 100 மணி நேர கேம்னா 17 வாரம், அதாவது நாலு மாசம். நாலு மாசம் ஒரே கதையை, அதுல வர்ற ஆளுங்க பேரை, எந்த பட்டன் எதுக்குங்கறதை எல்லாம் ஞாபகம் வச்சிருக்கணும், நடுவுல ரெண்டு வாரம் ஊருக்கு போயிட்டு வந்தா எந்த குவெஸ்ட்ல (கேம் கொடுக்குற வேலை) நின்னோம், யாருக்கு என்ன வாக்கு கொடுத்தோம்னே தெரியாது. அதே கேமை லீவுல இருக்குற காலேஜ் பையன் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஆடினா 17 நாள்ல முடிச்சுடுவான், கதை அவனுக்கு சூடா மனசுல நிக்கும். ஒரே கேம்தான், ஆனா ரெண்டு பேருக்கும் அனுபவம் வேற.

இன்னொண்ணு, ஒரு தடவை உக்காந்தா எவ்வளவு நேரம் உக்கார முடியும்னும் பாருங்க. டிஸ்கோ எலிசியம்ல ஒரு உரையாடல் முடிஞ்சதும் எங்க வேணா சேவ் பண்ணிட்டு எழுந்துடலாம். பெர்சோனா 5-ல டன்ஜனுக்குள்ள (எதிரிங்க நிறைஞ்ச பெரிய இடம்) போயிட்டீங்கன்னா சேவ் பண்ற சேஃப் ரூம் வர்ற வரைக்கும் போகணும், சின்னக் குழந்தை வச்சிருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

நம்பரை எப்படி படிக்கணும்

ஹவ் லாங் டு பீட்னு ஒரு சைட் இருக்கு, ஆடி முடிச்சவங்க அவங்கவங்க நேரத்தை அதுல போடுவாங்க. ஒவ்வொரு கேமுக்கும் மூணு நம்பர் இருக்கும்: கதை மட்டும், கதையோட கொஞ்சம் சைடு வேலை, ஒண்ணு விடாம எல்லாம். விட்சர் 3-க்கு இது சுமாரா 50, 100, 170-க்கு மேல. நீங்க பாக்க வேண்டியது நடு நம்பரை. ஆர்பிஜி ஆடுறவங்க யாரும் சைடு குவெஸ்டை தொடாம நேரா ஓட மாட்டாங்க, அதுவும் விட்சர் 3-ல நல்ல கதைங்க பாதி சைடுலதான் இருக்கு. முதல் தடவை ஆடுறவங்க மெனு, மேப், பேச்சு எல்லாத்துக்கும் கூட நேரம் எடுப்பீங்க, அதனால நடு நம்பரோட இன்னும் கொஞ்சம் சேர்த்து வச்சுக்கோங்க.

கம்பெனிக்காரங்க விளம்பரத்துல சொல்ற நம்பரை மட்டும் நம்பி எடுக்காதீங்க. 2022 ஜனவரில டையிங் லைட் 2 வர்றதுக்கு முன்னாடி, அதை முழுசா முடிக்க 500 மணி நேரம் ஆகும்னு அதை செஞ்ச டெக்லேண்ட் கம்பெனி சொன்னாங்க. ஆஹான்னு கொண்டாடுறதுக்கு பதிலா நிறைய பேர் பயந்துட்டாங்க, வேலை குடும்பம்னு இருக்கறவன் எப்படிடா ஆடுவான்னு. அப்புறம் அவங்களே, அது எல்லா முடிவும் எல்லா மூலையும் பாக்குறதுக்கான கணக்கு, சாதாரணமா ஆடுறவங்க கதையையும் சைடு குவெஸ்டையும் 100 மணி நேரத்துக்குள்ள முடிச்சுடலாம்னு விளக்கம் கொடுத்தாங்க. பெரிய நம்பரை பாத்தா மயங்காம இது யாருக்கான கணக்குன்னு ஒரு கேள்வி கேளுங்க, போதும்.

ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ரிவ்யூ எழுதற ஆளோட பேருக்கு பக்கத்துல வர்ற மணி நேரமும் அப்படித்தான். கேம் திறந்திருந்தாலே ஸ்டீம் எண்ணிக்கிட்டு இருக்கும், கேமை நிறுத்தி வச்சுட்டு சாப்பிட போனாலும் எண்ணும்.

அந்த நேரம் எதுல கரையுதுன்னு பாருங்க

60 மணி நேரம்னு ரெண்டு கேம் சொல்லுதுன்னு வச்சுக்கோங்க, ஒண்ணுல 60-ம் கதையும் முடிவெடுக்கறதுமா போகும், இன்னொண்ணுல 25 மணி நேரம் லெவல் ஏத்தறதுக்கே போயிடும். ஸ்கைரிம் நல்ல உதாரணம். 2011-ல வந்த கேம், மெயின் கதை மட்டும்னா சுமாரா 30, 35 மணி நேரம்தான், ஆனா கில்டு, குகை, ஊருன்னு சுத்தினா 100 தாண்டும், அதுக்கும் மேல ரேடியன்ட் குவெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, கேமே ஒரு இடத்தையும் ஒரு பொருளையும் தானா எடுத்து "அங்க போய் இதை எடுத்துட்டு வா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், அதுக்கு முடிவே கிடையாது. புதுசா வர்றவங்க அது கதைன்னு நம்பி செஞ்சுக்கிட்டே இருப்பாங்க, கடைசில கேமே போரடிச்சுடும். ஒரே ஆளு மூணாவது தடவையா வெறும் "போ, எடு, வா" வேலை கொடுத்தா அது ரேடியன்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம், தாராளமா விட்டுடலாம்.

பழைய ஜப்பான் கேம்ங்களோட புது பதிப்புல ஸ்பீடு பட்டன் இருக்கான்னு பாருங்க. ஃபைனல் ஃபேன்டசி 12 த ஸோடியாக் ஏஜ்ல 2 மடங்கு, 4 மடங்கு வேகத்துல ஓட்டலாம், பெரிய பெரிய மைதானத்தை நடந்து கடக்குற நேரமெல்லாம் அப்படியே சுருங்கிடும். இது ஏமாத்து வேலை இல்ல, கூச்சப்படாம யூஸ் பண்ணுங்க.

ரெண்டாவது தடவையில என்ன மாறுது

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. "இதுல நாலு ரூட் இருக்கு, பத்து முடிவு இருக்கு"ன்னு சொன்னா அதை அப்படியே பெருக்கிடாதீங்க. எங்க பிரியுதுன்னு கேளுங்க. கடைசி அரை மணி நேரத்துல பிரியுற பத்து முடிவைவிட நடுவுலயே பிரியுற ரெண்டு ரூட் எவ்வளவோ மேல்.

விட்சர் 2-ஐ எடுத்துக்கோங்க, 2011-ல வந்தது. முதல் சாப்டர் முடியும்போது ரோஷ், ஐயோர்வெத்னு ரெண்டு ஆளுங்கள்ல யார்கூட போறதுன்னு முடிவு பண்ணணும். ரோஷ்கூட போனா ரெண்டாவது சாப்டர்ல ராஜா ஹென்செல்ட்டோட படை முகாம்ல இருப்பீங்க, ஐயோர்வெத்கூட போனா அந்த படை எந்த ஊரை பிடிக்க வந்திருக்கோ அந்த வெர்கன் ஊருக்குள்ளயே இருப்பீங்க. ஊரு வேற, குவெஸ்ட் வேற, பேசுற ஆளுங்க வேற. ஒரே சண்டையை மாமியார்கிட்டயும் மருமககிட்டயும் தனித்தனியா உக்காந்து கேக்குற மாதிரி, ரெண்டு பக்கமும் கேட்டாதான் என்ன நடந்துச்சுன்னே புரியும். கேமும் ரொம்ப நீளம் இல்ல. ரெண்டு தடவை ஆட லாயக்கான கேம்னு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

இப்போ ஃபயர் எம்ப்ளம் த்ரீ ஹவுசஸ், 2019-ல ஸ்விட்ச்ல வந்தது. மூணு ஹவுஸ் (மாணவர் அணி), அதுல ஒரு ஹவுஸ் நடுவுல ரெண்டா பிரியும், ஆக நாலு ரூட். ஒரு ரூட்டுக்கு 50 மணி நேரம்னு போட்டா 200 ஆச்சேன்னு தோணும். ஆனா ரூட்டை பொறுத்து 18லருந்து 22 சாப்டர் வரும், அதுல முதல் 12 சாப்டர் எந்த ஹவுஸ் எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே சம்பவம்தான், கூட இருக்குற பசங்க மட்டும் மாறுவாங்க. அதுக்கப்புறம்தான் கதை தனித்தனியா போகும், அதுலயும் சில்வர் ஸ்னோ, வெர்டன்ட் விண்டுங்கற ரெண்டு ரூட்டும் நிறைய இடத்துல ஒண்ணு போலவே இருக்கும். அப்போ நிஜமான கணக்கு என்ன? முதல் தடவை 50, அடுத்தடுத்த தடவையில புதுசுன்னு சொல்லிக்கறது 20, 25தான். ரெண்டு ரூட் ஆடினா திருப்தியா இருக்கும், நாலும் ஆடணும்னு பிடிவாதம் வேண்டாம், அந்த பசங்க மேல பாசம் வந்துட்டா மட்டும் ஆடுங்க. (வரும், அது வேற விஷயம்.)

ஃபால்அவுட் நியூ வேகஸ் இன்னொரு மாதிரி. 2010-ல வந்த கேம், கடைசில என்சிஆர், லீஜன்னு ரெண்டு கூட்டம், ஹவுஸ்னு ஒரு ஆளு, இல்ல யாருமே வேண்டாம் நானே பாத்துக்கறேன்னு நாலு வழி. ஊரு எல்லா தடவையும் அதே ஊருதான், ஆனா நீங்க யார் பக்கம்ங்கறதை பொறுத்து அதே தெருவுல அதே ஆளு உங்களை பாத்து துப்பாக்கி தூக்குவான், இல்ல கும்பிடு போடுவான்.

கதை பிரியாமலே ரெண்டாவது தடவை புதுசா இருக்குற கேமும் இருக்கு, அங்க நீங்க உருவாக்குற கேரக்டர்தான் எல்லாத்தையும் மாத்தும். டிஸ்கோ எலிசியம்ல கொலையாளி யாருங்கறது மாறாது, ஆனா 24 ஸ்கில் இருக்கு, அதெல்லாம் உங்க மண்டைக்குள்ள பேசிக்கிட்டே இருக்கும், எந்த ஸ்கில் அதிகமோ அந்த குரல்தான் சத்தமா கேக்கும். கேம் ஆரம்பிச்சதும் ஹோட்டல் ரூம்ல ஃபேன்ல உங்க டை மாட்டி சுத்திக்கிட்டு இருக்கும். எட்டி எடுக்கலாம். உடம்பு ரொம்ப வீக்கான ஆளா உருவாக்கியிருந்து அந்த முயற்சி தோத்துச்சுன்னா அங்கயே ஹார்ட் அட்டாக் வந்து கேம் ஓவர் ஆகவும் வாய்ப்பிருக்கு, ரூமைவிட்டே வெளிய போயிருக்க மாட்டீங்க. உடம்பு தெம்பான ஆளா இருந்தா அது ஒரு விஷயமே இல்ல. மூளைக்கு எல்லா பாயின்ட்டையும் போட்டு ஒரு தடவை, உடம்புக்கு போட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்க, அதே தெரு வேற தெருவா தெரியும். ஒரு தடவைக்கு 20லருந்து 30 மணி நேரம்தான்.

பால்டர்ஸ் கேட் 3 இந்த ரெண்டு வகையையும் ஒண்ணா சேர்த்தது. 12 கிளாஸ் (வீரன், மந்திரவாதி மாதிரி கேரக்டர் வகை), கதை பிரியுற இடமும் நிறைய. முதல் ஆக்ட்ல ட்ரூயிட்ங்க (இயற்கை மந்திரவாதிங்க) தோப்பு பக்கமா, காப்லின் கூட்டம் பக்கமான்னு ஒரு முடிவு எடுக்கணும், காப்லின் பக்கம் போனா வில், கார்லக் மாதிரி கூட்டாளிங்க உங்ககூட இருக்க மாட்டாங்க, தோப்புல பாத்த ஆளுங்களை நம்பி பின்னாடி வர்ற கதைங்களும் போயிடும். ஆனா ஒரு தடவைக்கே 100 மணி நேரம் போற கேம் இது, அதனால ரெண்டாவது தடவை நல்லா இருக்குமான்னு கேக்கறதைவிட நம்மால முடியுமான்னு கேக்கறது நல்லது. அதோட 150 ஜிபி இடம் வேணும், மொபைல் டேட்டாவை நம்பி இருக்கறவங்க டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

கேம் முடிஞ்சுதா, இல்லையா

நியர் ஆட்டோமேட்டால (2017) முதல் தடவை பேரு எல்லாம் ஓடி முடிஞ்சதும் "முடிச்சாச்சு"ன்னு அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போனவங்க நிறைய. அதுல ஏ-லருந்து இஸட் வரைக்கும் 26 முடிவு, முக்கியமானது முதல் அஞ்சு. ரெண்டாவது தடவை வேற ஆளோட பார்வையில ஓடும், மூணாவது தடவை கதை அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு மேல போகும், அதுதான் கேமோட உயிரே. மத்த 21-ல பெரும்பாலானது சும்மா விளையாட்டுக்கு, ஒரு மீனை சாப்பிட்டா செத்துப் போறதுகூட ஒரு முடிவு. அதனால எந்த கேமை எடுத்தாலும் "முதல் கிரெடிட்ஸோட முடியுதா"ன்னு மட்டும் கதை தெரியாம கேட்டு வச்சுக்கோங்க.

நியூ கேம் ப்ளஸ் இருந்தா என்ன கூட வருது

முடிச்ச கேமை பழைய பலத்தோட மறுபடி ஆரம்பிக்கறதுதான் நியூ கேம் ப்ளஸ். 1995-ல வந்த க்ரோனோ ட்ரிக்கர்தான் இந்த பேரை பிரபலமாக்குச்சு, அது செஞ்ச அளவுக்கு அழகா இன்னைக்கு வரைக்கும் ரொம்ப கொஞ்சம் கேம்தான் செஞ்சிருக்கு. லெவலும் ஆயுதமும் கூட வரும், கேம் ஆரம்பத்துல வர்ற திருவிழாவுல இருக்குற டெலிபாட் மெஷின்ல ஏறி நேரா கடைசி பாஸ்கிட்டயே (கடைசி பெரிய எதிரி) போயிடலாம், கதையில எந்த இடத்துல அவனை கொல்றீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி முடிவு மாறும். முதல் தடவை 20லருந்து 25 மணி நேரம் எடுத்த கேம் அடுத்த தடவை பறக்கும்.

எல்லா கேமும் அப்படி இல்ல. பெர்சோனா 5 ராயல்ல காசு, ஆயுதம், அறிவு தைரியம் மாதிரி சோஷியல் ஸ்டேட்ஸ் எல்லாம் கூட வரும், ஆனா லெவலும் கான்ஃபிடென்ட் ரேங்கும் (மத்த ஆளுங்களோட நட்பு அளவு) முதல்லருந்துதான். முதல் தடவை அந்த ஸ்டேட்ஸ் ஏத்தறதுக்கே எத்தனையோ சாயங்காலம் போயிருக்கும், அதெல்லாம் ரெண்டாவது தடவை ஆளுங்களோட பழக மிச்சமாகும். பால்டர்ஸ் கேட் 3-ல நியூ கேம் ப்ளஸே கிடையாது. எல்டன் ரிங்ல ஒவ்வொரு சுத்துக்கும் எதிரிங்க பலம் ஏறும், கதைக்காக ஆடுறவங்களுக்கு அதனால பெருசா பிரயோஜனம் இல்ல, சண்டைக்காக ஆடுறவங்களுக்கு விருந்து.

முதல் தடவை எப்படி ஆடணும்

கைடை மூடி வைங்க. எந்த பதிலை சொன்னா என்ன ஆகும்னு தேடிப் பாத்து ஆடினா முதல் தடவையும் போச்சு ரெண்டாவது தடவையும் போச்சு. தப்பான முடிவு எடுத்துட்டோம்னு பதறி பழைய சேவை லோடு பண்ணாதீங்க, அந்த தப்புதான் உங்க கதை, சரி பண்ண ஆசையா இருந்தா அதை ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கோங்க. பெரிய முடிவு வர்ற இடத்துல மட்டும் தனி ஸ்லாட்ல ஒரு சேவ் போட்டு, முடிஞ்சா அதுக்கு பேரும் வைங்க. பின்னாடி அந்த கிளையை மட்டும் பாக்கணும்னா 40 மணி நேரம் மறுபடி ஆட வேண்டாம்.

கைடு பாக்கக் கூடாதுங்கறதுக்கு ஒரே ஒரு விலக்கு, தெரியாம போனா ஒரு பெரிய துண்டே கிடைக்காதுங்கற இடம். பெர்சோனா 5 ராயல்ல கூடுதலா சேர்த்த கடைசி பகுதி வேணும்னா கேம் காலண்டர்ல நவம்பர் 18-க்குள்ள டாக்டர் மாருகியோட கான்ஃபிடென்ட் ரேங்க் 9-க்கு வந்திருக்கணும், இதை கேம் உங்ககிட்ட வெளிப்படையா சொல்லாது. 100 மணி நேரம் போட்டுட்டு அது கிடைக்கலைன்னா மனசு உடைஞ்சுடும். இந்த மாதிரி விஷயத்தை கதையை தெரிஞ்சுக்காம தேதியை மட்டும் யாரையாவது கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

ஸ்டீம்ல வாங்கின கேமை 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா பொதுவா ரீஃபண்ட் கிடைக்கும். நிறைய ஆர்பிஜில அந்த 2 மணி நேரம் கேரக்டர் மூஞ்சி செய்யறதுலயும் முன்கதையிலயுமே ஓடிடும். அதனால கம்ப்யூட்டர்ல சரியா ஓடுதா, எழுத்து கண்ணுக்கு தெரியுதா, சண்டை கைக்கு வருதான்னு மட்டும் அந்த நேரத்துல பாருங்க, மூஞ்சியை அப்புறம் செஞ்சுக்கலாம்.

ரெண்டாவது தடவை

முடிச்ச மறுநாளே ஆரம்பிக்காதீங்க, வசனம் எல்லாம் காதுல இருக்கும்போது எதுவும் புதுசா தெரியாது. சில மாசம் விடுங்க, நடுவுல வேற ஒரு சின்ன கேம் ஆடுங்க. திரும்ப வரும்போது "இந்த ஆளு எப்படிப்பட்டவன்"னு ஒரு வரி முடிவு பண்ணிட்டு உக்காருங்க: பொய்யே சொல்ல மாட்டான், காசுக்காக எதையும் செய்வான், மந்திரத்தை தொடமாட்டான், இப்படி எதுவா இருந்தாலும் சரி. இல்லைன்னா பழக்க தோஷத்துல அதே நல்ல பதிலையே அமுக்கிக்கிட்டு இருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் அமுக்குவோம். மாறாத சைடு குவெஸ்டை எல்லாம் விட்டுடுங்க, ஏற்கனவே பாத்த காட்சியை ஸ்கிப் பண்ணுங்க. 100 மணி நேரம் எடுத்த கேம் பாதி நேரத்துலயே முடியும், அந்த பாதியும் புதுசா இருக்கும்.

அண்டர்டேல் (2015) ஆடுறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சின்ன கேம், 6, 7 மணி நேரம்தான், ஆனா நீங்க முன்னாடி என்ன செஞ்சீங்கன்னு அது ஞாபகம் வச்சுக்கும். யாரையும் கொல்லாத வழியை முதல்ல முடிங்க. எல்லாரையும் கொல்ற வழியை முழுசா முடிச்சுட்டா, அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நல்லவரா ஆடினாலும் அந்த நல்ல முடிவுல ஒரு கறை வந்துடும்.

கேம்ல எதுவுமே பிரியலைன்னாலும் நீங்களே ஒரு விதி போட்டுக்கலாம். போக்கிமான் ஆடுறவங்க நஸ்லாக்னு ஒண்ணு ஆடுவாங்க: ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல பாக்குற போக்கிமானை மட்டும்தான் பிடிக்கலாம், மயங்கி விழுந்தா அது செத்ததா கணக்கு, மறுபடி யூஸ் பண்ணக்கூடாது. ஃபைனல் ஃபேன்டசி 5-க்கு வருஷா வருஷம் ஃபோர் ஜாப் ஃபியஸ்டான்னு ஒண்ணு நடத்துறாங்க, குலுக்கல்ல வர்ற நாலு ஜாப்பை (வீரன், மந்திரவாதி மாதிரி கேரக்டர் வேலை) மட்டும் வச்சு கேமை முடிக்கணும். 1992-ல வந்த கேமை இன்னும் ஜனங்க சலிக்காம ஆடுறாங்கன்னா அதுல இந்த மாதிரி விதிகளுக்கும் பங்கு இருக்கு.

எதுல ஆரம்பிக்கலாம்

வாரத்துக்கு 3, 4 மணி நேரம்தான்னா அண்டர்டேல், அப்புறம் க்ரோனோ ட்ரிக்கர். 6 மணி நேரம் இருக்கு, கதை படிக்க பிடிக்கும்னா டிஸ்கோ எலிசியம், ஆனா இங்கிலீஷ் வசனம் மலை மாதிரி இருக்கும், வாசிக்க பொறுமை வேணும். சண்டை வேணும், ரெண்டு தடவை ஆடணும்னா விட்சர் 2. லீவு நிறைய இருக்கறவங்க பெர்சோனா 5 ராயலோ பால்டர்ஸ் கேட் 3-யோ எடுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

முடிச்சதும் இடம் வேணும்னு கேமை அழிக்கறதுக்கு முன்னாடி அந்த கேமுக்கு ஸ்டீம் க்ளவுட் சேவ் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா சேவ் ஃபைலை வேற டிரைவ்ல காப்பி பண்ணி வைங்க. நியூ கேம் ப்ளஸ் பெரும்பாலும் முடிச்ச சேவ் இருந்தாதான் திறக்கும்.